ஓரத்தில் மூன்று எழுத்து

சாவிக் கடைக்கு மேல் மாடியில் இருந்த அந்த ஒற்றை அறைக்குக் காலை ஒன்பதரைக்கெல்லாம் ஆள் வருவது அபூர்வம். வந்தவளோ நாற்காலியின் நுனியில், எந்த நிமிடமும் எழுந்து ஓடிவிடுகிறவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். மருந்துக் கடையில் பில் போடும் பெண். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயது இருக்கும். கடைக்குப் போடும் வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தாள்.

"என் அக்கா காணாமப் போகல மேடம். அதான் பிரச்சினையே" என்றாள்.

மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவரை எல்லோரும் அத்தை என்றுதான் கூப்பிடுவார்கள். ஐம்பத்தெட்டு வயது. இருபத்தைந்து வருடம் காப்பீட்டு நிறுவனத்தில், செத்ததாகச் சொல்லப்பட்டவர்கள் நிஜமாகவே செத்தார்களா என்று பார்த்து வந்தவர். ஓய்வு பெற்றபின் அதே கண்ணை வைத்துக்கொண்டு துப்பறியும் தொழிலில் இறங்கிவிட்டார். நிஜமாகவே அவர் அத்தை முறையாவது ஒரே ஒருவனுக்குத்தான். அவன் ஜன்னலோரம் டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். பெயர் என்னவோ இருக்கிறது, ஆனால் ஊருக்கே அவன் குண்டூசி. உடம்பும் அப்படி, வாயும் அப்படி.

"காணாமப் போகாத ஆளைக் கண்டுபிடிக்கிறது எங்களுக்குச் சுலபம்மா. பாதி வேலை முடிஞ்ச மாதிரி" என்றான் குண்டூசி.

அத்தை அவனை ஒரு பார்வை பார்த்தார். அவன் டீயைக் குடித்தான்.

பெண் சொன்னாள். அக்கா ஒரு அச்சகத்தில் ஏழு வருடம் ப்ரூஃப் ரீடர். பாடப் புத்தகங்களில் எழுத்துப் பிழை திருத்துவது அவள் வேலை. ஆர்டர் வேறு அச்சகத்துக்குப் போய்விட, இவர்கள் கதவைச் சாத்திவிட்டார்கள். அக்கா தன் சமூக வலைத்தளப் பக்கத்தில் 'வேலை தேடுகிறேன்' என்று போட்டாள். நாற்பது நாள் ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. நாற்பத்தோராம் நாள் ரோஜாப்பூப் படம் வைத்த ஒரு ஆளிடமிருந்து செய்தி வந்தது, அதையும் போனில் காட்டினாள். வெளியூரில் வேலை, தங்குமிடம் அவர்களே தருவார்கள், உடனே சேர வேண்டும். மூன்று வாரத்துக்கு முன்னால் பெட்டியோடு கிளம்பிப் போனாள்.

"அப்புறம் போன் எடுக்கவே இல்ல. மெசேஜ் மட்டும் வரும். பக்கத்துல சிரிச்சுக்கிட்டே போட்டோ போடுறா. ஸ்டேஷனுக்குப் போனேன். 'சிரிச்சுக்கிட்டு இருக்கிற பொண்ணைக் காணோம்னு எப்படிம்மா எழுதறது'ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க."

"இப்ப எங்ககிட்ட வந்த காரணம்?"

"எனக்கும் அங்கேயே வேலை போட்டிருக்காங்க மேடம். அக்காதான் சொல்லியிருக்கா. இன்னைக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு வண்டி. நான் ஏறலாமா, கூடாதா? அதை மட்டும் பாத்துச் சொல்லுங்க. அப்பா அம்மா இல்ல. எனக்கு இருக்கிறது அவ ஒருத்திதான்."

வேலை தேடுகிறவர்கள் தங்கள் படத்தைச் சுற்றிப் போட்டுக்கொள்ளும் அந்தப் பச்சை வட்டம் குண்டூசிக்கும் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன் அவன் வேலை பார்த்த கால் சென்டர் ராத்திரியோடு ராத்திரியாகக் காணாமல் போனதிலிருந்து அவன் பக்கத்திலும் 'வேலை தேடுகிறேன்' தொங்கிக்கொண்டிருந்தது. லைக் போட்டவர்கள் ஐம்பத்திரண்டு பேர். அதில் முப்பது பேர் அவனைப் போலவே வேலை தேடுகிறவர்கள்.

"உன் அக்கா போட்டதைக் காட்டு" என்றார் அத்தை.

மொத்தமே மூன்று பதிவுகள். போனை வாங்கிக் குண்டூசி உரக்கப் படித்தான்.

முந்தாநாள் போட்டது: 'இன்னும் இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது. சந்கமே வேண்டாம். என் தங்கையும் வருகிறாள்.'

அதற்கு முந்தியது: 'தங்க இடம், சாப்பாடு எல்லாம் தாளம். கவலைப்பட ஒன்றும் இல்லை.'

முதலில் போட்டது: 'புதிய வேலையில் சேர்ந்துவிட்டேன். இங்கே எல்லோரும் அன்பானர்கள். வாழ்த்துகள் சொன்ன அனைவருக்கும் நன்றி.'

"சாப்பாடு எல்லாம் தாளமாம். தாராளம்னு போட வந்திருக்காங்க. சோத்துக்குத் தாளம் போடுற மாதிரி ஆயிருச்சு."

சொல்லி முடித்ததும் தன் நாக்கைத் தானே கடித்துக்கொள்ளலாம் போலிருந்தது அவனுக்கு. அந்தப் பெண்ணின் முகம் அப்படி ஆகியிருந்தது.

அத்தை கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் நல்ல செய்தி இல்லை என்று அர்த்தம்.

"அன்பானர்கள். தாளம். சந்கமே. மூணு பதிவு, மூணு பிழை. ஏழு வருஷம் பிழை திருத்தியே சாப்பிட்டவ இப்படி எழுதுவாளா?"

"அவசரத்துல..."

"அவசரத்துல எழுதினா எனக்கே ஒற்று மிஸ்ஸாகாதும்மா, இவ ஒரு வார்த்தைக்கு நாலு தடவை திருத்துறவ. நீயே சொல்லு, வீட்டுல உன் அக்கா எப்படி?"

பெண் மெல்லச் சொன்னாள். "மளிகைக் கடை போர்டைக்கூட நின்னு திருத்தச் சொல்லுவா."

"அப்ப இதை எழுதினது உன் அக்கா இல்ல."

பெண் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை என்று குண்டூசிக்குத் தோன்றியது. அவள் எழுந்து, கோட்டைச் சரி செய்துகொண்டு, "அப்ப அவ எங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"மத்தியானத்துக்குள்ள சொல்றேன். அதுவரைக்கும் நீ எங்கேயும் நகரக் கூடாது" என்றார் அத்தை. அவள் தலையாட்டிவிட்டுப் படி இறங்கிப் போனாள்.

"ப்ரூஃப் ரீடர் கேஸு. ஆனா கையில ப்ரூஃப் இல்ல" என்றான் குண்டூசி, மனசைத் தேற்றிக்கொள்ள.

"அதைத் தேடித்தான் போறோம். செருப்பைப் போடு."

*

அச்சகத்துக்குள் மெஷின்களைக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தரையில் மெஷின் இருந்த இடங்கள் மட்டும் எண்ணெய்க் கறையோடு சதுரம் சதுரமாகத் தெரிந்தன. ஃபோர்மேன் ஒரு மூலையில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். தலைமயிர் முழுக்க நரைத்தும் சட்டைப் பையில் சிவப்புப் பேனா மாறாத மனிதர்.

ப்ரூஃப் ரீடரின் பேச்சை எடுத்ததும் அவர் முகம் மலர்ந்தது. "அவ கைபட்ட பக்கத்தை நான் மறுபடி பாக்கவே மாட்டேன். அவ்வளவு நம்பிக்கை. நல்ல வேலையில இருக்காளாமே?"

குண்டூசி போனை நீட்டினான். ஃபோர்மேன் அதைத் தள்ளிவிட்டார்.

"செல்லுல ப்ரூஃப் பாக்கக் கூடாது தம்பி. கண்ணு ஏமாத்தும். இரு, பிரிண்ட் எடுத்துக்கலாம்."

விற்பதற்காக ஒயரைச் சுருட்டி வைத்திருந்த பிரிண்டரை மறுபடி மாட்டி, மூன்று பதிவுகளையும் ஒரே தாளில் எடுத்தார். சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றிவிட்டுப் படித்தார். ஒரு தடவை. மறுபடி ஒரு தடவை. படித்தபோது இருந்த சிரிப்பு எங்கேயோ போய்விட்டது.

"இதை எழுதினது அவ இல்லைனு நாங்க நினைக்கிறோம்" என்றார் அத்தை.

"யார் சொன்னது?" ஃபோர்மேன் நிமிர்ந்தார். "இது அவளேதான்."

"அப்புறம் இந்தப் பிழை?"

"தமிழ் தெரியாதவன் எழுதினா பிழை எங்க வரும் தெரியுமாம்மா? ரகர றகரத்துல வரும். ணகர னகரத்துல வரும். ஒற்றுல வரும். இங்க பாருங்க, 'வாழ்த்துகள்'னு போட்டிருக்கா. ஊர்ல நூத்துக்குத் தொண்ணூறு பேர் நடுவுல ஒரு 'க்' சேர்த்துத்தான் போடுவான். இவ போடல. எல்லாம் சுத்தம். விட்டுப்போனது மூணே எழுத்து. அதுவும் எப்படி? பதிவுக்கு ஒண்ணு. ஒவ்வொண்ணும் முழு எழுத்து. யாரோ இடுக்கி போட்டு எடுத்த மாதிரி."

காலையில் தான் பாதியிலேயே நின்றுவிட்டது அத்தைக்குப் புரிந்துவிட்டது. பிழை இருக்கிறது என்று பார்த்தார், என்ன பிழை என்று பார்க்கவில்லை.

"நீங்க எப்பவும் திருத்துற மாதிரி இதைத் திருத்திக் காட்டுங்க" என்றார்.

ஃபோர்மேன் 'சந்கமே'யின் நடுவில் சின்னதாக ஒரு கூரைக்குறி போட்டார். ஆனால் எழுத்தை அங்கே எழுதவில்லை. தாளின் வலது ஓரத்தில், அந்த வரிக்கு நேராக 'தே' என்று எழுதினார்.

"ஏன் சார், பக்கத்துலயே இடம் இருக்கே?" என்றான் குண்டூசி.

"வரிக்குள்ள எழுதினா டைப் பண்றவன் கண்ணுல படாது. அவன் ஓரத்தை மட்டும்தான் பாத்துட்டுப் போவான். எங்க தொழில்ல என்ன திருத்தினாலும் ஓரத்துல வந்தாகணும். அவளுக்கு முதல் நாள் நான் சொல்லிக் கொடுத்ததே அதான்."

'தாளம்' என்ற வரிக்கு நேராக 'ரா'. 'அன்பானர்கள்' என்ற வரிக்கு நேராக 'வ'.

மூவரும் ஓரத்தைப் பார்த்தார்கள்.

"தே, ரா, வ" என்று படித்தார் அத்தை. "ஊர்ப் பேரா?"

"அப்படி ஒரு ஊர் இல்லம்மா" என்றார் ஃபோர்மேன்.

குண்டூசி தாளைத் தன் பக்கம் இழுத்தான். ஒரு நாளைக்கு நூறு தடவை அந்தப் பக்கங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துப் பழகிய விரல் அவனுடையது.

"அத்தை, இது புத்தகம் இல்ல. இங்க புதுசு மேல இருக்கும், பழசு கீழ போயிரும். அவங்க முதல்ல எழுதினது கடைசியில இருக்கு. கீழேருந்து படிங்க."

அத்தையின் விரல் தாளின் அடியிலிருந்து மேலே ஏறியது.

வ. ரா. தே.

லாரியில் எதையோ தூக்கிப் போட்ட சத்தத்தில் தரை அதிர்ந்தது. ஃபோர்மேன் பேனாவை மூட மறந்து உட்கார்ந்திருந்தார். சிவப்பு மை அவர் சட்டையில் இறங்கிக்கொண்டிருந்தது.

"காப்பாத்துன்னு எழுதல பாரு" என்றார் அத்தை. "தன்னை விட்டுட்டா. அடைச்சு வச்சிருக்கவன் வாரத்துக்கு ஒரு பதிவு போட விட்டிருக்கான். வாரத்துக்கு ஒரு எழுத்து. மூணு வாரமா அந்தத் தங்கச்சிக்கு மட்டும் எழுதியிருக்கா. அந்தப் பிள்ளைக்குப் போனைப் போடு."

குண்டூசி போட்டான். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. ஆனால் அத்தையின் போனில் அவளிடமிருந்து வந்த ஒரு செய்தி திறக்கப்படாமல் கிடந்தது. அனுப்பி இருபது நிமிடம் ஆகியிருந்தது.

'மேடம், எழுதினது அக்கா இல்லைனு நீங்க சொன்னப்புறம் என்னால வீட்டுல இருக்க முடியல. போலீஸும் கேக்காது. அந்த வேலை குடுக்கிறவங்ககிட்ட இப்பவே வர்றேன்னு சொல்லிட்டேன். பன்னிரண்டு மணி வண்டியில இடம் இருக்காம். நான் நேர்ல போய் அவளைத் தேடுறேன். மன்னிச்சிருங்க.'

அத்தை அதை இரண்டு தடவை படித்தார். பிறகு பக்கத்தில் இருந்த காகிதக் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார். இருபத்தைந்து வருடத்தில் எத்தனையோ சாவு வீடு ஏறி இறங்கியவர். ஒரு பெண்ணைத் தன் வாயாலேயே வழியனுப்பி வைத்தது இதுதான் முதல் தடவை.

"நான்தான் ஏத்தி விட்டேன்" என்றார்.

"அதை அப்புறம் பேசிக்கலாம். மணி பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கு" என்றான் குண்டூசி. அவன் தன் போனில் எதையோ தேடிக்கொண்டிருந்தான். "அத்தை, இதே ஆளு எனக்கும் ரெண்டு தடவை மெசேஜ் போட்டிருக்கான். ரோஜாப்பூப் படம், அதே பேரு. 'உங்கள் திறமைக்கேற்ற வேலை'ன்னான். என் திறமை என்னன்னு எனக்கே தெரியாது, இவனுக்கு எப்படித் தெரியும்னு பதில் போடாம விட்டுட்டேன்."

"இப்பப் போடு."

அவன் எழுதினான்: 'ஐயா, வேலைக்கு இன்றே வரத் தயார்.'

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. எத்தனையோ நிறுவனங்களுக்கு எழுதி மாதக்கணக்கில் காத்திருந்தவனுக்கு ஐம்பது விநாடியில் பதில் வந்தது. 'எங்கே இருக்கிறீர்கள்?'

'பைபாஸ் ரோடு பெட்ரோல் பங்க்.'

'அங்கேயே நில்லுங்கள். வெள்ளை வேன். ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டு அரை மணியில் வரும்.'

*

பெட்ரோல் பங்க்குக்கு ஆட்டோவில் வரும் வழியெல்லாம் அத்தை போனில் பேசிக்கொண்டே வந்தார். பழைய பழக்கத்தில் ஒரு இன்ஸ்பெக்டர் இருந்தார். ஆள் அனுப்புவதாகச் சொன்னார். எப்போது என்று சொல்லவில்லை.

"வண்டி நின்னதும் டிரைவர்கிட்ட பாத்ரூம் போகணும்னு சொல்லு. நீ கேட்டா அந்தப் பிள்ளையும் அதையே சாக்கா வச்சு இறங்கும். நான் லேடீஸ் பாத்ரூம்ல இருக்கேன். அவளைக் கூட்டிக்கிட்டுப் பின்பக்கமா வந்துடுவேன். அவ்வளவுதான் உன் வேலை. வண்டியில ஏறினே, எலும்பை முறிச்சிருவேன்."

"எலும்பைத் தவிர உடம்புல வேற என்ன இருக்கு அத்தை" என்றான். அவர் சிரிக்கவில்லை. ஃபோர்மேன் திருத்திய தாளை நான்காக மடித்துக் கையில் இறுக்கிப் பிடித்திருந்தார்.

வேன் வந்தது. டிரைவர் பார்க்க ரொம்பச் சாதாரணமானவர். நாற்பது வயது, கழுத்தில் துண்டு, பல்குத்தும் குச்சி. அதுதான் குண்டூசியைப் பயமுறுத்தியது. பின் சீட்டில் மருந்துக் கடைப் பெண் வெள்ளைக் கோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவனைப் பார்த்ததும் வாயைத் திறந்தாள். அவன் அவளைத் தெரியாதவன் போல இருந்துவிட்டு டிரைவரிடம் திரும்பினான்.

"அண்ணே, கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் பாத்ரூம். ரொம்ப தூரமாச்சே. அந்தப் பொண்ணுக்கும் போகணுமோ என்னவோ. லேடீஸுக்கு அந்தப் பக்கம் இருக்குண்ணே."

கடைசி வார்த்தைகளை அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னான். பெண் புரிந்துகொண்டாள். டிரைவர் அலட்சியமாகத் தலையாட்ட, அவள் இறங்கி லேடீஸ் பக்கம் போனாள்.

குண்டூசி முகத்தைக் கழுவிவிட்டு உடனே திரும்பி வந்தான். வேனின் மறுபக்கக் கண்ணாடி வழியே பங்க்கின் பின்சுவர் தெரிந்தது. ஐந்து நிமிடம் கழித்து இரண்டு உருவங்கள் அதைத் தாண்டி ஆட்டோவை நோக்கிப் போயின. அந்தப் பெண் விரித்த தாளை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டே நடந்தாள். நடுவில் ஒரு தடவை திரும்பி வேனைப் பார்த்து நின்றாள். மறுபடி வந்து ஏறிக்கொள்ளத்தான் அவள் நின்றாள் என்பது இவ்வளவு தூரத்திலும் தெரிந்தது. அத்தை அவளை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்து ஆட்டோவுக்குள் உட்கார வைத்தார்.

அப்பாடா என்று மூச்சு விட்டான். அவன் வேலை முடிந்தது. இனி ஓட வேண்டியதுதான்.

"அந்தப் பொண்ணு எங்க?" என்றார் டிரைவர். குச்சியைத் துப்பிவிட்டுப் போனை எடுத்தார். "ஓடிருச்சா? இரு, சொல்லிடறேன். அக்காக்காரி அங்கதானே இருக்கா. அவகிட்டக் கேட்டுக்குவாங்க."

எவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். 'சில்லறை இல்ல, அப்புறம் வாங்கிக்கோ' என்கிற மாதிரி. தங்கை இறங்கியதற்கு அங்கே ஒருத்தி பதில் சொல்ல வேண்டும். போலீஸ் வண்டி ஒன்றும் ரோட்டில் தென்படவில்லை. இந்த வேன் போய்விட்டால் அவள் எங்கே இருக்கிறாள் என்பதும் இதோடு போய்விடும்.

பயமாகத்தான் இருந்தது. வாய் மட்டும் பழக்கத்தில் பேசிவிட்டது.

"அண்ணே, அது பாத்ரூம்ல வாந்தி எடுத்துட்டுக் கெடக்கு. வண்டி ஒத்துக்காதாம். நாளைக்கு அதுவே பஸ்ல வருதாம், என்கிட்ட சொல்லிவிட்டுச்சு. எதுக்குண்ணே அதைப் போய் பெரிசு பண்றீங்க? இப்ப நான் வர்றேன்ல. ஆளுக்கு ஆளு சரியாப் போச்சு."

டிரைவர் அவனை மேலும் கீழும் பார்த்தார். போனைப் பைக்குள் போட்டார். "நாளைக்கு வரலைன்னா நான் பொறுப்பில்ல" என்று கதவைத் திறந்தார்.

அவன் ஏறினான். ஆட்டோ பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இறங்கியிருப்பான்.

கதவை வெளியிலிருந்து பூட்டிவிட்டு, முன் சீட்டிலிருந்து டிரைவர் ஒரு அட்டையையும் பேனாவையும் பின்னால் நீட்டினார். "ஃபார்ம். எழுதிட்டு செல்லையும் சேர்த்துக் குடு."

பெயர், வயது, படிப்பு. அதற்குக் கீழே கொட்டை எழுத்தில் ஒரு வரி: 'உங்களுக்குத் தெரிந்து வேலை தேடும் மூவரின் பெயர், போன் நம்பர்.'

ப்ரூஃப் ரீடரும் மூன்று வாரத்துக்கு முன் இதே சீட்டில் இதை எழுதியிருப்பாள். முதல் இடத்தில் தங்கையின் பெயரைப் போட்டிருப்பாள். சந்தோஷமாகப் போட்டிருப்பாள். போய்ச் சேர்ந்த அன்றைக்கே அது என்னவென்று புரிந்திருக்கும்.

வேன் ரோட்டுக்கு ஏறியது. அவன் முதல் இடத்தில் அத்தையின் பெயரையும் நம்பரையும், ஒரு இலக்கம்கூடத் தப்பாமல் மூன்று தடவை சரி பார்த்து எழுதினான். மற்ற இரண்டையும் காலியாக விட்டான். அவர்கள் கூப்பிட்டால் போதும், கூப்பிட்ட நம்பரைப் பிடித்துக்கொண்டே அத்தை வந்துவிடுவார்.

"ஒண்ணுதானா?" என்றார் டிரைவர், செல்லை வாங்கிக்கொண்டே.

"ஒண்ணுதான்ணே தெரியும். அவங்களுக்கு வேலை ரொம்ப அவசரம். இன்னைக்கே கூப்பிடச் சொல்லுங்க."

சொல்லும்போது அவன் குரல் உடைந்தது. டிரைவர் அதை வறுமை என்று எடுத்துக்கொண்டார்.